அத்தியாயம் 7: வாங்கும் விலையும் ஓட்டும் விலையும்

ஏர் ஃபில்டருக்கு மோட்டார் கிடையாது, வயர் கிடையாது, பிளக் கிடையாது. சட்டத்தில் மாட்டினால் மாட்டிய இடத்தில் சும்மா நிற்கும். அதனால் அது கரண்ட் தின்னும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஸ்டோர் லெட்ஜரில் ஒரு ஃபில்டர் 1,800 ரூபாய் என்று ஏறும். கழற்றி எறிந்த அன்றோடு அதன் கணக்கு முடிந்துபோகும். அந்த ஃபில்டரைத் தாண்டிக் காற்றைத் தள்ளுவதற்காக ஃபேன் மோட்டார் இழுத்த மின்சாரமோ கட்டடத்தின் மொத்த பில்லுக்குள் கரைந்துவிடும். அந்த பில்லில் ஃபில்டரின் பெயர் எங்கும் இருக்காது.

யானையைக் கட்டித் தீனி போடுவது பற்றிச் சொல்வார்கள். ஃபில்டர் விஷயத்தில் யானை மலிவு, தீனிதான் விலை. அந்தத் தீனியைக் கணக்கிடும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது. கணக்குப் போட்டால் சில இடங்களில் விலை கூடிய ஃபில்டர் ஜெயிக்கும். சில இடங்களில் மலிவானதே ஜெயிக்கும். இரண்டுக்கும் உதாரணம் கீழே இருக்கிறது.

ஆஸ்பத்திரி, மருந்து ஆலை, அலுவலகக் கட்டடம் ஆகியவற்றின் மத்திய ஏ.சி.யில் உள்ள ஏ.எச்.யு. (காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் யூனிட்) ஃபில்டர்களையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். ஏர் கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு அத்தியாயத்தின் பின்பகுதியில் ஒரு பத்தி உண்டு.

முதலில் தரம், அப்புறம் விலை

ஒரே தரத்தில் உள்ள இரண்டு ஃபில்டர்களைத்தான் விலையில் ஒப்பிடலாம். மலிவானது தூசியைக் குறைவாகப் பிடிப்பதால் மலிவாக இருந்தால், அது வேறு சரக்கு.

நம் ஊர் கொட்டேஷன்களில் இன்றும் எஃப்7, எஃப்8 என்ற பழைய ஐரோப்பியப் பெயர்களைப் பார்க்கலாம். அவை ஈ.என். 779 என்ற தரநிலையைச் சேர்ந்தவை. 2018இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது 2016இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 16890. இது தூசியின் பருமனை வைத்துப் பேசுகிறது. ‘இ.பி.எம்.1 – 60%’ என்றால் 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள நுண்தூசியில் 60 சதவீதத்தை அந்த ஃபில்டர் பிடிக்கும் என்று பொருள். அமெரிக்க முறையில் இதே வேலைக்கு மெர்வ் எண்கள் இருக்கின்றன. எந்த முறையானாலும் எல்லாக் கொட்டேஷனும் ஒரே முறையில், ஒரே வகுப்பில் வர வேண்டும் என்று கேளுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில சிந்தெடிக் மீடியாக்களில் (தூசி பிடிக்கும் விரிப்புகளில்) இழைகளுக்கு மின்னேற்றம் கொடுத்திருப்பார்கள். புதிதாக இருக்கும்போது தூசியைக் காந்தம்போல் இழுக்கும். நாள் செல்லச் செல்ல அந்த மின்னேற்றம் போய்விடும், பிடிப்புத் திறனும் சரியும். ஐ.எஸ்.ஓ. 16890 சோதனையில் மின்னேற்றத்தை நீக்கிய பிறகும் ஒருமுறை அளக்கிறார்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டில் அந்த இரண்டாவது எண்ணையும் பாருங்கள்.

தேவைக்கு மேல் தரம் கேட்பதும் செலவுதான். ஆபரேஷன் தியேட்டருக்கும் மருந்து ஆலையின் சுத்த அறைக்கும் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வேண்டும். வரவேற்பறைக்கு வேண்டாம். முழு அளவுள்ள ஹெப்பா ஃபில்டர் புதிதாக இருக்கும்போதே 250 பாஸ்கல் அளவுக்குக் காற்றைத் தடுப்பது சாதாரணம். அந்த எண்ணின் அருமை அடுத்த பகுதியில் தெரியும்.

நான்கு செலவுகளும் ஒரு சூத்திரமும்

ஒரு ஃபில்டருக்கு ஓராண்டில் ஆகும் செலவு நான்கு. ஃபில்டரின் விலை, மாற்றும் ஆளின் கூலியும் அதற்காக யூனிட்டை நிறுத்துவதால் வரும் இழப்பும், பழையதை அப்புறப்படுத்தும் செலவு, மின்சாரம். முதல் மூன்றும் வவுச்சரில் வரும். நான்காவதை நாமே கணக்கிட வேண்டும்.

ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள காற்றழுத்தத்தின் வித்தியாசம்தான் பிரஷர் டிராப். மீடியா எவ்வளவு தடுக்கிறதோ அவ்வளவு வித்தியாசம். ஃபேன் அந்தத் தடையை வென்றாக வேண்டும். அதற்கு ஆகும் யூனிட்டுகளை இப்படிக் கணக்கிடலாம்:

யூனிட் = காற்றின் அளவு × சராசரி பிரஷர் டிராப் × ஓடும் மணி ÷ (ஃபேன் திறன் × 1000)

காற்றின் அளவு வினாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று இருக்க வேண்டும். பிரஷர் டிராப் பாஸ்கலில். ஃபேன் திறன் என்பது ஃபேன், பெல்ட், மோட்டார் மூன்றும் சேர்ந்த திறன். தெரியாவிட்டால் 0.5 என்று போடுங்கள். ஃபில்டர்களுக்கு எரிசக்தி வகுப்பு தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோவென்ட்டும் ஒப்பீட்டுக்கு இதே 0.5ஐத்தான் எடுத்துக்கொள்கிறது.

இப்போது எண்களைப் போடுவோம். 592 மில்லிமீட்டர் சதுரச் சட்டத்தில் மாட்டும் முழு அளவு ஃபில்டர் ஒன்று. அதன் வழியாக மணிக்கு 3,400 கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 2,000 சி.எஃப்.எம். காற்று போகிறது. வினாடிக்கு 0.944 கனமீட்டர். ஏ.எச்.யு. ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடுகிறது. மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் உள்ள விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரஷர் டிராப் ஒரே ஒரு பாஸ்கல் என்றால் ஆண்டுக்கு 11.3 யூனிட், சுமார் 90 ரூபாய்.

இந்த அத்தியாயத்தில் ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஒரு ஃபில்டர், ஒரு பாஸ்கல், ஓராண்டு: 90 ரூபாய். மேலே சொன்ன ஹெப்பாவின் 250 பாஸ்கலை இதனால் பெருக்குங்கள். ஒரு சட்டத்துக்கு ஆண்டுக்கு 22,500 ரூபாய், அதுவும் தூசி படிவதற்கு முன்பே.

இரண்டு கொட்டேஷன், ஒரு கணக்கு

ஒரே வகுப்பைச் சேர்ந்த இரண்டு ஃபில்டர்கள். கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை.

முதலாவது 1,800 ரூபாய். மடிப்புகள் குறைவு, மீடியா பரப்பும் குறைவு. புதிதில் 110 பாஸ்கல், கழற்றும்போது 270, சராசரி 190. நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இரண்டாவது 4,500 ரூபாய். ஆழமான சட்டம், நெருக்கமான மடிப்புகள், மீடியா பரப்பு பல மடங்கு. புதிதில் 70 பாஸ்கல், கழற்றும்போது 170, சராசரி 120. ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

ஒவ்வொரு முறை மாற்றுவதற்கும் கூலி, அப்புறப்படுத்தல் எல்லாம் சேர்த்து 400 ரூபாய்.

| ஆண்டுச் செலவு (ரூபாய்) | முதலாவது | இரண்டாவது |
|---|---|---|
| ஃபில்டர் விலை | 5,400 | 4,500 |
| மாற்றும் செலவு | 1,200 | 400 |
| மின்சாரம் | 17,219 | 10,875 |
| மொத்தம் | 23,819 | 15,775 |

கொட்டேஷனில் இரண்டரை மடங்கு விலை என்று தெரிந்த ஃபில்டர், ஆண்டு முடிவில் 8,000 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. 24 ஃபில்டர் உள்ள இடத்தில் அது 1.9 லட்சம். இரண்டு பத்தியிலும் மின்சாரத்தின் பங்கைப் பாருங்கள்: மொத்தச் செலவில் ஏறக்குறைய 70 சதவீதம். பர்ச்சேஸ் மேசையில் நாம் பேரம் பேசுவது மீதி 30 சதவீதத்துக்குள் இருக்கும் ஒரு துண்டைப் பற்றி.

ஏ.சி. பிளான்ட் வாங்கும்போது வட்டி, பண மதிப்பு வீழ்ச்சி எல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். ஃபில்டரின் ஆயுள் ஓராண்டுக்குள் முடிவதால் இங்கே அந்தத் தொல்லை இல்லை.

மலிவானது ஜெயிக்கும் இடம்

இதே இரண்டு ஃபில்டர்களையும் ஒரு சிறிய அலுவலகத்துக்குக் கொண்டுபோவோம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள்: 2,000 மணி நேரம் மட்டும். இங்கே ஒரு பாஸ்கலின் ஆண்டு விலை 90இலிருந்து 30 ரூபாயாகக் குறைந்துவிடுகிறது.

ஓடும் நேரம் குறைந்ததால் முதல் ஃபில்டர் இங்கே ஓராண்டு தாங்கும். விலை 1,800, மாற்றும் செலவு 400, மின்சாரம் 5,740. மொத்தம் 7,940.

இரண்டாவது, தூசிக் கணக்கில் மூன்றாண்டு தாங்க வேண்டும். ஆனால் நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் ஃபில்டரை மூன்றாண்டு விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும். ஓராண்டில் மாற்றுவதுதான் நல்லது. அப்படியானால், சராசரி பிரஷர் டிராப் அதே 120 பாஸ்கல் என்றே வைத்தால், 4,500, 400, 3,625. மொத்தம் 8,525.

மலிவானது 585 ரூபாய் முந்திவிட்டது. ‘விலை கூடியதே நல்லது’ என்று விற்பனையாளர் சொன்னால், உங்கள் ஓடும் மணியைக் கேட்டுவிட்டா சொல்கிறார் என்று கவனியுங்கள். இரவு பகலாக ஓடும் ஆஸ்பத்திரிக்குப் பொருந்தும் கணக்கு, ஐந்து மணிக்குப் பூட்டும் அலுவலகத்துக்குப் பொருந்தாது.

ஃபேன் எப்படிப்பட்டது என்று பாருங்கள்

ஏ.எச்.யு. ஆபரேட்டர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம், கணக்குப் போடுகிறவர்களுக்குச் சில நேரம் தெரிவதில்லை. ஃபில்டர் அடைத்தால் மோட்டாரின் ஆம்பியர் பெரும்பாலும் குறையும், கூடாது!

காரணம் எளிது. வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இல்லாத ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. தடை கூடும்போது அது தள்ளும் காற்று குறைகிறது. தள்ளும் காற்று குறைந்தால் இழுக்கும் கரண்டும் குறையும். அப்படிப்பட்ட இடத்தில் நல்ல ஃபில்டரை மாட்டினால் மின் பில் குறையாது, காற்று கூடும். அந்தக் கூடுதல் காற்று உங்களுக்குத் தேவையா என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே அறையில் புழுக்கம், கூலிங் காயிலில் ஐஸ் பிடிப்பது போன்ற புகார்கள் இருந்தால் தேவைதான். காற்று போதுமான அளவு இருந்தால் புல்லியை மாற்றி ஃபேன் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் மிச்சம் மீட்டரில் தெரியும். ஃபேனுக்குத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் மடியில் மாறுவதால், 10 சதவீதம் வேகம் குறைந்தாலே சக்தி கால்பங்குக்கு மேல் குறையும்.

காற்றின் அளவை நிலையாக வைத்திருக்கும்படி வி.எஃப்.டி. அமைத்திருந்தால் எந்த மாற்றமும் வேண்டாம். ஃபில்டரின் ஒவ்வொரு பாஸ்கலும் நேராக மீட்டருக்குப் போகும். மேலே சொன்ன சூத்திரம் முழுதாகப் பொருந்துவது இங்கேதான்.

எந்த நாளில் கழற்றுவது?

ஃபில்டரை ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை’ என்று காலண்டரைப் பார்த்து மாற்றும் இடங்கள் பல. இன்னும் சில இடங்களில் யாராவது புகார் சொன்னால்தான் மாற்றுவார்கள். முதலாவது நல்ல ஃபில்டரைத் தூக்கி எறிகிறது; இரண்டாவது செத்த ஃபில்டருக்குத் தீனி போடுகிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு விதி இருக்கிறது. ஃபில்டரை மாட்டிய நாளிலிருந்து ஆன மொத்தச் செலவை, விலை, கூலி, மின்சாரம் எல்லாம் சேர்த்து, மாதங்களால் வகுங்கள். அது மாதச் சராசரி. நடப்பு மாதத்தில் அந்த ஃபில்டருக்கு ஆகும் மின்சாரச் செலவு இந்தச் சராசரியைத் தாண்டினால் கழற்றுங்கள். அதற்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் சராசரியைக் கூட்டும்.

நம் 4,500 ரூபாய் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் மாதச் சராசரி சுமார் 1,315 ரூபாய். 170 பாஸ்கலில் நிற்கும் ஃபில்டருக்கு ஒரு மாத மின்சாரம் 1,284. இன்னும் தாண்டவில்லை. 178 பாஸ்கலைத் தொட்டால் 1,344. தாண்டிவிட்டது, மாற்றலாம்.

இவ்வளவு கணக்கு வேண்டாம் என்றால் குறுக்குவழி: புதிதாக மாட்டிய அன்று பிரஷர் டிராப் கேஜ் காட்டிய எண்ணுடன் 100ஐக் கூட்டுங்கள். அதையே மூன்றால் பெருக்கியும் பாருங்கள். இரண்டில் எது குறைவோ அது மாற்றும் எல்லை.

இதற்கெல்லாம் கேஜ் வேண்டும். மேக்னஹெலிக் கேஜ் வாங்க மனமில்லை என்றால், ‘யு’ வடிவில் வளைத்த ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயில் கலர் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கு முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் செருகுங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் என்றால் 9.8 பாஸ்கல். 17 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 170.

கேஜ் குறைவாகக் காட்டினால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். கேஸ்கட் கிழிந்து, சட்டத்தின் ஓரமாகக் காற்று நழுவினாலும் அது குறைவாகத்தான் காட்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: மாற்றும் நாள் ஜனவரி முதல் வாரத்தில் விழுந்தால், எல்லையைத் தாண்டாத வரை, போகிப் புகை அடங்கும்வரை பழையதையே விட்டுவையுங்கள். புது ஃபில்டரைப் புகைக்குக் காவு கொடுக்க வேண்டாம்.

மிச்சம்போல் தெரியும் செலவுகள்

*கழுவி மாட்டுவது.* கம்பி வலை, நைலான் வலை போன்ற கழுவும் வகைப் பிரீ-ஃபில்டரை அழுத்தமில்லாத நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டலாம். ஃபைன் ஃபில்டரையும் ஹெப்பாவையும் கழுவக் கூடாது. ஏர் ஹோஸ் வைத்து ஊதவும் கூடாது. ஊதினால் தூசியோடு இழைகளும் விலகும். கேஜ் புதிதுபோல் காட்டும், தூசி நேராகக் காயிலுக்குப் போகும்.

*யோசிக்காமல் மாட்டும் பிரீ-ஃபில்டர்.* பிரீ-ஃபில்டர் பின்னால் இருக்கும் விலை கூடிய ஃபில்டரைக் காப்பாற்றும் என்பது உண்மை. அதுவும் காற்றைத் தடுக்கும் என்பதும் உண்மை. சராசரி 60 பாஸ்கல் பிரீ-ஃபில்டருக்கு, நம் 90 ரூபாய் கணக்கில், ஆண்டுக்கு 5,400 ரூபாய் மின்சாரம். அது காப்பாற்றும் ஃபில்டரின் விலையே 4,500 என்றால் காவல்காரன் சம்பளம் வீட்டு வாடகையைத் தாண்டிவிட்டது. சாலையோரத் தூசி, பஞ்சுத்தூசி அதிகம் உள்ள இடங்களில் பிரீ-ஃபில்டர் தன் சம்பளத்தைச் சம்பாதித்துவிடும். உள்காற்றையே பெரும்பாலும் சுற்றவிடும் யூனிட்டில் சந்தேகம்தான்.

*கம்ப்ரசரின் ஏர் ஃபில்டர்.* மின்சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியீடு தரும் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு, எரிசக்தித் தணிக்கையாளர்களுக்கான கையேட்டில் ஒரு கணக்குச் சொல்கிறது: ஃபில்டர் அடைப்பால் காற்றை உள்ளிழுக்கும் பாதையில் பிரஷர் டிராப் 250 மில்லிமீட்டர் தண்ணீர் அளவு கூடினால், அதே காற்றுக்குச் சுமார் 2 சதவீதம் மின்சாரம் கூடும். 75 கிலோவாட் கம்ப்ரசர் 6,000 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் 4.5 லட்சம் யூனிட். அதில் 2 சதவீதம் 9,000 யூனிட், 72,000 ரூபாய். அந்தப் பணத்தில் எத்தனை ஃபில்டர் வாங்கலாம் என்று உங்கள் ஸ்டோர் விலையை வைத்துப் பாருங்கள். அதற்காக எந்த ஊர் பேர் தெரியாத ஃபில்டரையும் மாட்டிவிடாதீர்கள். உள்ளே போகும் தூசி ஆயிலைக் கெடுக்கும்; ஸ்க்ரூவைத் தேய்க்கும். அந்த ரிப்பேர் பில் இந்தக் கணக்குகளுக்குள் அடங்காது.

கொட்டேஷனில் கேட்க வேண்டியவை

1. ஐ.எஸ்.ஓ. 16890 வகுப்பும், மின்னேற்றம் நீக்கிய பிறகான திறனும் உள்ள டெஸ்ட் ரிப்போர்ட்.
2. உங்கள் யூனிட்டில் ஓடும் காற்றளவில் தொடக்கப் பிரஷர் டிராப். சிலர் பாதிக் காற்றளவில் அளந்த அழகான எண்ணைக் கொடுப்பார்கள். எந்தக் காற்றளவில் என்று எழுதி வாங்குங்கள்.
3. மீடியாவின் மொத்தப் பரப்பு, சதுரமீட்டரில். பரப்பு கூடினால் தடை குறையும், ஆயுள் கூடும்.
4. தூசி தாங்கும் அளவு, கிராமில்.
5. மீடியா எது: கண்ணாடி இழையா, சிந்தெடிக்கா?
6. கேஸ்கட் எந்தப் பக்கம், சட்டம் எதனால் ஆனது?
7. இப்போதுள்ள சட்டத்தில் அப்படியே பொருந்துமா? ஆழமான ஃபில்டருக்காகச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால், அந்தச் செலவு எத்தனை மாத மிச்சத்தில் திரும்ப வரும்?

இவற்றை வைத்து ஒப்பீட்டுத் தாளில் ‘விலை’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘ஆண்டுச் செலவு’ என்று இன்னொரு பத்தி போடுங்கள். எல்-1 (மிகக் குறைந்த விலைக்காரர்) யார் என்பதை அந்தப் பத்தி முடிவு செய்யட்டும். ஃபில்டர் வாங்குவது பர்ச்சேஸ் பிரிவின் பட்ஜெட்டில், மின்சாரம் பொறியியல் பிரிவின் பட்ஜெட்டில் என்று இருக்கும் நிறுவனங்களில் இந்தப் பத்தி இல்லாமல் விடிவு கிடையாது. ஒரு ஃபில்டரில் ஒருவர் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் 2,700 ரூபாய்க்கு மற்றவர் ஆறாயிரம் கட்டிக்கொண்டிருப்பார். இருவருக்கும் அது தெரியாது.

தாளில் உள்ளதை மாட்டிப் பாருங்கள்

கேட்லாக் எண்கள் சோதனைக்கூடத் தூசியில் அளந்தவை. உங்கள் தெருத் தூசி வேறு. ஒரே மாதிரி ஓடும் இரண்டு ஏ.எச்.யு. இருந்தால் ஒன்றில் பழைய வகையையும் மற்றதில் புதிய வகையையும் ஒரே நாளில் மாட்டுங்கள். வாரம் ஒருமுறை, ஃபேன் அதே வேகத்தில் ஓடும்போது, இரண்டு கேஜையும் படித்து எழுதுங்கள். அந்த எண்களின் சராசரியே சூத்திரத்தில் போட வேண்டிய சராசரி பிரஷர் டிராப். தொடக்க எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பதைவிட இது சரியாக இருக்கும். ஏனென்றால் ஃபில்டர் முதல் மாதங்களில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் அடைக்கும்.

எழுத நோட்டு வேண்டாம். மாட்டும்போது ஃபில்டரின் சட்டத்திலேயே மார்க்கர் பேனாவால் தேதி, விலை, கேஜ் காட்டிய எண் மூன்றையும் எழுதுங்கள். கழற்றும்போது அதற்குக் கீழே தேதி, எண் இரண்டையும் எழுதுங்கள். குப்பைக்குப் போகும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் அப்படி 10 படங்கள் சேர்ந்துவிடும். அடுத்த முறை விற்பனையாளர் கேட்லாக்கைத் திறக்கும்போது, நீங்கள் போனைத் திறக்கலாம்.